உப்புத்தண்ணிப் பையும் என்ர அக்காவின்ர கட்டிப்பிடியும்

நான் ஜேர்மனிக்கு வந்து கிட்டத்தட்ட முப்பது வருசம். அதில முக்கால்வாசியும் வுப்பர்டாலில ஒரு இத்தாலிக்காரன்ர குசினிக்குள்ள போயிட்டுது. அதால என்ர ஜேர்மன் பாசை எப்பிடியெண்டால், வெங்காயம், அடுப்பு, சூடு, கெதியா, இன்னும் கெதியா. இவ்வளவையும் வைச்சுக்கொண்டு ஒரு நாட்டையே சமாளிச்சுக்கொண்டு இருக்கிறன். படிப்பும் எட்டாம் வகுப்போட சரி. நான் பள்ளிக்கூடத்தை விட்டனான் எண்டு சனம் சொல்லும். உண்மையில பள்ளிக்கூடம்தான் என்னைக் கண்டிட்டு ஓடினது.

என்ர மனிசி அப்பிடியில்லை. எனக்குப் பிறகு வந்தவ, எனக்கு முதலே பாசை பிடிச்சவ. வகுப்புக்குப் போய், அவுஸ்பில்டுங் எண்ட தொழிற்படிப்பும் செய்து, இப்ப ஒரு முதியோர் இல்லத்தில நேர்ஸ் வேலை. ஜேர்மன் கிழவிகள் தங்கட பிள்ளையளுக்குச் சொல்லாத கதையெல்லாம் இவவுக்குச் சொல்லுவினம். வீட்டுக்கு ஏதாவது கடிதம் வந்தால் நான் பிரிச்சு, முகத்தைச் சுழிச்சு, தலையையும் ஆட்டிப்போட்டு அவவிட்டைக் குடுப்பன். வாசிச்சு விளங்கின மாதிரி ஒரு நடிப்பு. அவ கொடுப்புக்குள்ள சிரிச்சுக்கொண்டு வாங்குவா.

இனிச் சொல்லப்போற கதை அவவின்ர கதை. எழுதட்டோ எண்டு கேட்டுத்தான் எழுதிறன். "எழுதுங்கோ, ஆனால் பேர் போடக் கூடாது. உங்களை எவ்வளவு மொக்கனாக் காட்டேலுமோ அவ்வளவு காட்டுங்கோ" எண்டவ. ரெண்டாவது எனக்குச் சுகமான வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அவ பாத்திரம் கழுவிறா, நான் துடைக்கிறன். தண்ணிக் குழாயைப் பூட்டிப்போட்டு, திரும்பாமலே சொன்னா, தனக்கு ஒரு ஒப்பரேசன் செய்ய விருப்பமாம். நான் கோப்பையைத் தட்டில வைச்சிட்டு, உடம்புக்கு என்ன வருத்தமெண்டு கேட்டன். வருத்தம் ஒண்டுமில்லை, மார்புக்கு எண்டா.

அவவின்ர இடது பக்கம் வலது பக்கத்தை விடச் சின்னன். இது எனக்குக் கலியாணம் கட்டின நாள் தொட்டுத் தெரியும். ரெண்டு பிள்ளையளுக்கும் பால் குடுத்து முடிய அந்த வித்தியாசம் நல்லாக் கூடிப்போச்சு. நான் அதை ஒரு பெரிய விசயமா எடுக்கேல்ல. என்ர காது ரெண்டும் ஒரே அளவில்லை, மூக்கு ஒரு பக்கத்துக்கு இழுத்தபடி, நடந்தால் ஒரு சப்பாத்துத்தான் தேயும். என்னை ஆர் அளந்து பாக்கப் போகினம்? ஆனால் அவ அளந்து கொண்டுதான் இருந்திருக்கிறா. சாறிச் சட்டை தைக்கிற பொம்பிளை இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு பஞ்சு வைச்சுத் தைச்சுக் குடுப்பா. வேலையிடத்தில எல்லாரும் ஒரே அறையில உடுப்பு மாத்த, இவ மட்டும் கழிவறைக்குள்ள போய் மாத்துவா. இதெல்லாம் அண்டைக்குத்தான் வாய் திறந்து சொல்லுறா.

நான் என்ன சொல்லியிருக்க வேணும்? ஒரு நல்ல மனிசன் எண்டால் என்ன சொல்லுவான்? நான் சொன்னன், "அப்ப வலதைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும், அது சுகமான வேலை."

அவ சிரிக்கேல்ல. கையைத் துடைச்சிட்டு என்ர முகத்தைப் பாத்தா.

"இஞ்சேருங்கோ, நான் எல்லாத்தையும் விசாரிச்சு விளங்கித்தான் செய்வன். ஆனால் கையெழுத்து வைக்க முதல் உங்களிட்டை ஒரு பதில் வேணும். பகிடி இல்லாத பதில். உங்களுக்கு மனசில என்ன இருக்கெண்டு. சும்மா தலையாட்டினால் எனக்கு வேண்டாம்."

ஓம் எண்டு தலையாட்டினன். பிறகுதான் விளங்கினது, அதுவும் தலையாட்டல்தான் எண்டு.

பகிடி இல்லாமல் கதைக்கிறது எனக்குப் பெரிய பாடு. எங்கட அப்பாவின்ர செத்தவீட்டிலேயே என்னைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு இருத்தினவை. ஆனால் இவ கேட்டது சின்ன விசயமில்லை. நான் பதில் சொல்லாட்டில் அவ ஒப்பரேசனுக்குப் போகமாட்டா. போகாமல் விட்டால் வாழ்க்கை முழுக்க ஒரு வார்த்தையும் சொல்லாமல், பஞ்சு வைச்ச சட்டையோட திரிவா. அவவை எனக்குத் தெரியும்.

டொக்டரிட்டைத் தெர்மின், அதுதான் சந்திக்கிற நாள், வந்தது. எங்கட ஆக்கள் டொக்டரிட்டைப் போறதெண்டால் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதுதான் வழக்கம். பன்னிரண்டு வயசுப் பெடியன் தகப்பன்ர மூலவருத்தத்தை ஜேர்மனில விளங்கப்படுத்தினதெல்லாம் இஞ்ச நடந்திருக்கு. இதுக்குப் பிள்ளையள் வேண்டாமெண்டிட்டா மனிசி. உடன நான் நெஞ்சை நிமித்திச் சொன்னன், "நான் வாறன், மொழிபெயர்க்க." அவவுக்கு என்ர உதவி தேவையில்லை எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும். எண்டாலும் வாங்கோ எண்டா.

டொக்டர் ஒரு பொம்பிளை. நரைச்ச தலைமயிரைக் கட்டையா வெட்டி, முகத்தில ஒரு பூச்சுமில்லை. நான் ரீவீயில வாற மாதிரி ஒரு ஆளை எதிர்பாத்துக்கொண்டு போனன். இவ எங்கட பள்ளிக்கூடத்துக் கணக்கு ரீச்சர் மாதிரி இருந்தா, எனக்கு உள்ளங்கை தானா வியர்த்துது. இருந்த உடன முதல் கேள்வி, இந்த ஒப்பரேசன் ஆருக்கு வேணும் எண்டு. கேட்டுக்கொண்டு என்னைப் பாத்தா. எனக்கு அந்தளவு ஜேர்மன் விளங்கும். "எனக்கு வேண்டாம்" எண்டு நெஞ்சைப் பொத்திக் காட்டினன். டொக்டர் சிரிக்கேல்ல. மனிசி, தனக்குத்தான், தனக்காகத்தான் எண்டு சொன்னா. டொக்டர் அதை எழுதினா.

பிறகு லாச்சியைத் திறந்து ரெண்டு பையை எடுத்து மேசையில வைச்சா. ஒண்டு ஜெல் நிரப்பினது, மற்றது உப்புத்தண்ணி நிரப்பினது. ரெண்டுக்கும் வெளித்தோல் ஒண்டுதான், சிலிக்கோன். இஞ்ச கனபேர் வைக்கிறது ஜெல்தானாம். என்ர மனிசி கேட்டது உப்புத்தண்ணியைப் பற்றி. ஏனெண்டு டொக்டருக்கு விளங்கேல்ல. மனிசி சொன்னா, தான் வேலையில கிழவிகளுக்குச் சேலைன் போத்தல் கொழுவிக்கொண்டு திரியிற ஆள், அந்தத் தண்ணியைத் தனக்குத் தெரியும், தெரிஞ்ச சாமான்தான் தன்ர உடம்புக்குள்ள போக வேணும் எண்டு. டொக்டருக்கு அந்தக் கதை பிடிச்சுப்போச்சு. கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு விளங்கப்படுத்தத் தொடங்கிட்டா.

டொக்டர் ஜேர்மனில சொல்ல, மனிசி எனக்குத் தமிழில சொன்னா. மொழிபெயர்க்கப் போனது நான் எண்டதை மறந்திடாதேங்கோ.

உப்புத்தண்ணிப் பையை வெறும் பையாச் சுருட்டித்தான் உள்ளுக்கு வைப்பினமாம். அதால வெட்டுற இடமும் சின்னனாத்தான் இருக்கும். வைச்சாப்பிறகு ஒரு சின்ன வால்வு வழியாத் தண்ணியை விட்டு நிரப்புறது. இவவைப் போல ஒரு பக்கம் மட்டும் சின்னனா இருக்கிற ஆளுக்கு அதில ஒரு வசதி இருக்கு. ஒப்பரேசன் மேசையில வைச்சே மற்றப் பக்கத்தைப் பாத்துப் பாத்து, கொஞ்சம் கூட்டிக் குறைச்சு நிரப்பலாம். எண்டாலும் ரெண்டும் அச்சில வார்த்த மாதிரி வருமெண்டு தான் சத்தியம் பண்ண மாட்டன் எண்டா டொக்டர்.

கூடாததையும் அவ ஒளிக்கேல்ல. தோல் மெல்லிசான ஆக்களுக்கு மேல்பக்கத்தில சுருக்கம் தெரியலாமாம், தொட்டால் ஜெல்லை விடத் தண்ணிப் பை மாதிரித்தான் இருக்குமாம். உடம்பு அந்தப் பையைச் சுத்தி ஒரு தோல் கட்டும், சிலருக்கு அது இறுகி நோகும். சாகுமட்டும் இருக்கிற சாமானில்லை, எப்பவோ ஒருநாள் மாத்த வேண்டி வரும், அப்ப திரும்பவும் ஒரு ஒப்பரேசன். மார்புப் புற்றுநோய்க்குப் படம் எடுக்கப் போகேக்க உள்ளுக்குப் பை இருக்கெண்டு முதலே சொல்ல வேணும், அவை வேற கோணத்திலயும் எடுப்பினம்.

எனக்கு இதெல்லாம் கேக்கத் தலை சுத்திச்சுது. சமாளிக்க மேசையில கிடந்த தண்ணிப் பையைக் கையில எடுத்தன். பீட்சா மா உருட்டின கை சும்மா இருக்குமோ? ஒரு அமத்து அமத்தினன். அது கையில இருந்து வழுக்கி, பாய்ஞ்சு, டொக்டரின்ர மேசைக்குக் கீழ போயிட்டுது. நான் முழங்காலில நிண்டு, டொக்டரின்ர சப்பாத்துக்குப் பக்கத்தில கையை விட்டுத் தடவித் தேடினன். மேல டொக்டர் ஒரு சலனமுமில்லாமல் கதையைத் தொடருறா. பை உடையேல்ல. ஒரு கீறல்கூட இல்லை. அதைத் துடைச்சு மேசையில வைச்சிட்டு, "நல்ல சாமான்" எண்டன். அண்டைக்கு நான் கதைச்ச ஒரே ஒரு முழு ஜேர்மன் வசனம் அதுதான்.

மனிசிக்கு ஒரு பயம் இருந்தது. பை ஓட்டையானால் என்ன நடக்கும்? டொக்டர் சொன்னா, ஜெல் எண்டால் கசிஞ்சாலும் கனகாலம் தெரியாமலே கிடக்கும், உப்புத்தண்ணி எண்டால் உடன தெரியும். தண்ணி வெளிய வந்தால் உடம்பு அதை உறிஞ்சிப்போடும், சலத்தோட போயிடும், அதால கெடுதி இல்லை. வெறும் பையை ஒப்பரேசன் செய்து எடுக்க வேணும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கம் சப்பையாப் போயிடும். பலூன் மாதிரி வெடிக்காது, மணித்தியாலக் கணக்கில, இல்லாட்டில் ரெண்டு மூண்டு நாளில மெல்ல மெல்ல இறங்கும்.

வீட்டுக்கு வாற வழியில, மேல தண்டவாளத்தில தொங்கி ஓடுற ரெயினுக்குள்ள வைச்சு மனிசி என்ர காதுக்குள்ள கேட்டா, "ஒரு கலியாண வீட்டில, சபைக்கு நடுவில வைச்சு இறங்கினால்?" அவவின்ர பயம் வருத்தத்துக்கில்லை, எங்கட சனத்துக்கு. நான் ஏதோ பகிடி சொல்ல வாய் எடுத்தன். எங்களுக்கு முன்னுக்கு இருந்த ஒரு ஜேர்மன் பொம்பிளையின்ர நாய் என்னையே பாத்துக்கொண்டிருந்தது. வாயை மூடினன்.

அவசரப்படாமல் யோசிக்கச் சொல்லித்தான் டொக்டர் எங்களை அனுப்பினவ. போகேக்க ஒரு வீட்டுப் பாடமும் தந்தவ. அரிசியை ஒரு கால்மேசுக்குள்ள போட்டு, முடிஞ்சு, உள்சட்டைக்குள்ள வைச்சு, வேலைக்கும் கடைக்கும் போய்ப் பாக்க வேணுமாம். எந்தளவு தனக்குச் சரியெண்டு உடம்பே சொல்லுமாம். அரிசி எண்டதும் எனக்கு உசார் வந்திட்டுது. இது என்ர பாடம். வீட்டில பச்சையரிசியோ புழுங்கலோ எண்டு நான் யோசிக்கத் தொடங்க, மனிசி சொன்னா, "நீங்கள் சோறு வடிக்கப் போகேல்ல."

அரிசியோட ஒரு கிழமை வேலைக்குப் போனா. ஆள் கொஞ்சம் நிமிந்து நடக்கிற மாதிரி எனக்குத் தெரிஞ்சுது. ஆனால் அரிசியில ஒரு கரைச்சல். ஓடி ஆடி வேலை செய்ய அது ஒரு மூலைக்கு இறங்கிக் குந்திக்கொள்ளும். அதோட பாரமும் சரியில்லை எண்டது என்ர கருத்து. ஒரு கோப்பை அரிசியை விட ஒரு கோப்பை தண்ணி பாரம். இருபது வருசத்துக்கு மேல குசினியில நிண்டவனுக்கு இது தெரியாதோ? உள்ளுக்குப் போகப்போறது தண்ணியெண்டால் தண்ணியைத்தானே வைச்சுப் பாக்க வேணும்.

என்ர அக்காவின்ர மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. ஹால் எடுத்துச் செய்யினம். அண்டைக்கு நான் குசினிக்குள்ள போய், இறைச்சி உறைய வைக்கிற பிளாஸ்ரிக் பையில தண்ணியை நிரப்பினன். வெறும் தண்ணியில்லை, உப்புப் போட்டுத்தான். டொக்டர் சொன்னவ அந்தத் தண்ணியின்ர உப்பு கண்ணீரின்ர உப்பு மாதிரி எண்டு. வெங்காயம் வெட்டி வெட்டிக் கண்ணீர் குடிச்ச ஆள் நான், அந்த உப்பு எனக்குத் தெரியும். கறிக்குப் பாக்கிற மாதிரி கையில ஒரு துளி விட்டு நக்கிப் பாத்து, இன்னும் ஒரு கிள்ளுப் போட்டன். உப்புப் போட்டால் என்ன, போடாட்டில் என்ன, அதை ஆர் குடிக்கப் போகினம் எண்ட யோசனை எனக்கு வரவே இல்லை. ரெண்டு முடிச்சுப் போட்டு, ஒரு பழைய மேசுக்குள்ள இறக்கி, மனிசியிட்டைக் குடுத்தன். அவ வைச்சுக் கண்ணாடியில பாத்தா. இப்பிடித் திரும்பினா, அப்பிடித் திரும்பினா. பச்சைச் சாறி. பஞ்சு இல்லாத சட்டை. முகம் ஒரு மாதிரி வெளிச்சுப் போச்சு.

ஹால் எண்டால் உங்களுக்குத் தெரியும். ரயர் மாத்துற கடைக்கும் பழைய கார் விக்கிற இடத்துக்கும் நடுவில ஒரு கட்டடம். உள்ளுக்குப் போனால் கதிரைக்கெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டு, மேடையில சிம்மாசனம், வீடியோக்காரன்ர லைற் கண்ணைக் குத்தும். வாசலில என்ர அக்கா நிக்கிறா, தங்க நிறச் சாறி, புதுசு.

ஊரில எங்கட ஆக்கள் ஆளையாள் கண்டால் சிரிப்பினம், கூடினால் கையைப் பிடிப்பினம். ஐரோப்பாவுக்கு வந்தாப்பிறகு கன்னத்தில கொஞ்சப் பழகிட்டினம். இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா. என்ர அக்கா அதோட விடமாட்டா. அவவுக்குக் கொஞ்சி முடியக் கட்டிப்பிடிக்கவும் வேணும். அவ ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில ஆசுப்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தூக்கித் தூக்கிக் கை உரம்பட்ட ஆள். அவ கட்டிப்பிடிச்சால் சுவாசத்தைப் பிறகுதான் எடுக்கலாம். இதை நான் யோசிச்சிருக்க வேணும். உப்பைப் பற்றி அவ்வளவு யோசிச்சன், அக்காவைப் பற்றி யோசிக்கேல்ல.

"எங்க மச்சாள், கண்டு எவ்வளவு காலம்" எண்டு சொல்லிக்கொண்டு அக்கா கையை விரிச்சா.

எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. வெடிச் சத்தமில்லை. "பொளுக்" எண்டு, தவளை குளத்துக்குள்ள விழுந்த மாதிரி. அக்கா மனிசியை விட்டிட்டு நெஞ்சில ஏதோ ஈரமெண்டு குனிஞ்சு பாக்க வெளிக்கிட்டா. மனிசியின்ர முகத்தைப் பாத்தன். கண் என்னைத் தேடுது. பச்சைச் சாறியில தண்ணி கறுப்பா இறங்கிக்கொண்டு வருது. அந்த ரெயினுக்குள்ள கேட்ட கேள்வி அப்பிடியே எழும்பி வந்து சபைக்கு நடுவில நிக்குது.

வாசலுக்குப் பக்கத்து மேசையில ஒரு பெரிய சாடியில தண்ணி இருந்தது. நான் அதைத் தூக்கினன். தூக்கி, காலைக் காலில கொழுவி, அப்பிடியே ரெண்டு பேருக்கு மேலயும் ஊத்திக்கொண்டு போய் விழுந்தன். நடிக்கத்தான் வெளிக்கிட்டனான், ஆனால் நிலம் ஈரமாப் போனதால விழுந்தது உண்மையான விழுகை. ஒரு கதிரையும் என்னோட வந்தது.

ஹால் முழுக்க என்னைத்தான் பாத்தது. அக்காவின்ர தங்கச் சாறி காலோட ஒட்டிப்போய் நிக்குது.

"டேய், உனக்குக் கையில எலும்பே இல்லையோடா? வாசலில வைச்சே குளிப்பாட்டுறாய்? மச்சாள், இவனோட எப்பிடித்தான் இவ்வளவு காலம் இருக்கிறியளோ தெரியாது."

"பழகிட்டுது மச்சாள்" எண்டா என்ர மனிசி. சாறித் தலைப்பை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டு, தான் போய்த் துடைச்சிட்டு வாறன் எண்டு கழிவறைப் பக்கம் போயிட்டா. ஒருத்தரும் அவவைப் பாக்கேல்ல. எல்லாரும் என்னைத் தூக்கிறதிலயும், நான் குடிச்சிட்டு வந்தனானோ எண்டு மணந்து பாக்கிறதிலயும் மும்முரம். அண்டைக்கு நான் ஒரு சொட்டும் தொடேல்ல, கார் ஓட வேணும். அதைச் சொல்ல ஒருத்தரும் நம்பேல்ல. வீடியோக்காரன் எல்லாத்தையும் எடுத்திட்டான். இப்பவும் அக்கா வீட்டுக்கு ஆரும் வந்தால் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவினம். கேக் வெட்டினதை விட நான் விழுந்ததைத்தான் சனம் திருப்பித் திருப்பிப் பாக்கிறது. அக்காவுக்கு இண்டைவரைக்கும் விசயம் தெரியாது. இதை வாசிச்சால் தெரியும். அவவுக்கு வாசிக்கிற பழக்கம் இல்லை எண்டதால பயமில்லை.

கொஞ்ச நேரத்தால மனிசி என்ர ஜக்கெற்றைப் போத்திக்கொண்டு வந்து இருந்தா. பை இல்லை, பஞ்சும் இல்லை. வலது பக்கம் இருந்தபடி, இடது பக்கம் சப்பையா. சூடாகிச் சூடாகி ஒரு கட்டத்தில ஜக்கெற்றையும் கழட்டி வைச்சிட்டா. அப்பிடியே இருந்து சாப்பிட்டா, மேடைக்குப் போய்ப் படத்துக்கும் நிண்டா. நான் ஒவ்வொரு முகமாப் பாத்துக்கொண்டு இருந்தன். ஒருத்தற்ற கண்ணும் அங்க போகேல்ல.

வாற வழியில காருக்குள்ள மனிசி முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தா. நான் அழுகிறாவோ எண்டு கள்ளமாப் பாத்தன். தோள் குலுங்குது. சிரிக்கிறா. சத்தம் வராமல் தொடங்கி, பிறகு கெக்கட்டம் விட்டு, கண்ணால தண்ணி வர வரச் சிரிக்கிறா. நான் அந்தக் கதிரையோட விழுந்தது, அக்கா தன்ர நெஞ்சைத் தொட்டுத் தொட்டு ஈரம் எங்கால எண்டு தேடினது, எல்லாத்தையும் ஒண்டு ஒண்டாச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அவ அப்பிடிச் சிரிச்சு நான் கண்டு கனகாலம்.

மூச்சு வந்தாப்பிறகு சொன்னா, தனக்கு இருந்த ஒரேயொரு பயம் இதுதானாம். அது இண்டைக்கு நடந்து முடிஞ்சுதாம். டொக்டரின்ர பை மெல்ல மெல்லத்தான் இறங்கும், அதுக்கு முதல் வீட்டுக்கு ஓடி வந்திடலாம். நீங்கள் செய்த பை மாதிரி இல்லை எண்டா.

நான் சந்தர்ப்பம் பாத்துச் சொன்னன், "ஒருத்தரும் கவனிக்கேல்ல தெரியுமோ? பை இல்லாமல் எவ்வளவு நேரம் இருந்தனீர், ஒரு சனம் பாக்கேல்ல. அப்ப என்னத்துக்கு ஒப்பரேசன்?"

அவ சிரிப்பை விட்டிட்டா.

"ஒருத்தரும் பாக்கேல்ல எண்டு எனக்கும் தெரியும். நான் பாக்கிறன். ஒவ்வொரு நாளும் குளிச்சிட்டு வரேக்க நான்தான் பாக்கிறன்."

சிவப்பு லைற்றில நிக்கிறம். வைப்பர் தேவையில்லாமல் ஆடிக்கொண்டு இருக்கு. நான் அதை நிப்பாட்ட மறந்துபோனன்.

"இப்ப சொல்லுங்கோ" எண்டா.

எனக்கு நாக்கின்ர நுனியில மூண்டு பகிடி வந்து வரிசையில நிண்டுது. மூண்டும் நல்ல பகிடி. ஒவ்வொண்டா விழுங்கினன்.

"எனக்குப் பயம்" எண்டன். "மயக்க மருந்து குடுத்து, நீர் எழும்பாமல் போனால் நான் என்ன செய்யிறது? எனக்கு அது சின்னனோ பெரிசோ ஒரு வித்தியாசமும் இல்லை. அதை நான் பாக்கிறதே இல்லை, உம்மைத்தான் பாக்கிறன். ஆனால் உமக்கு வேணுமெண்டால் வையும். எனக்குப் பயம் மட்டும்தான் இருக்கு. வேற ஒண்டும் இல்லை."

லைற் பச்சையாகிட்டுது. பின்னுக்கு நிண்டவன் ஹோர்ன் அடிச்சான். அவ என்ர முழங்கையில கையை வைச்சா. பிறகு, இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே எண்டா. அண்டைக்கு எனக்கே தெரியாது எண்டன். அது உண்மை. பகிடி விட்டுக்கொண்டே இருக்கிறவனுக்குத் தனக்குப் பயம் இருக்கெண்டு கண்டுபிடிக்கவே நேரம் எடுக்கும்.

"பயத்தை டொக்டரிட்டைக் கேப்பம். கேள்வியை நீங்கள்தான் கேக்க வேணும்."

அப்பிடித்தான் ரெண்டாவது தெர்மினில என்ர வாழ்க்கையிலயே பெரிய ஜேர்மன் கேள்வியை நான் கேட்டன். குசினியில தெரிஞ்ச சொல்லுகளை வைச்சுத்தான். தமிழில சொன்னால், "மனிசி நித்திரை. பிறகு எழும்பும், சரியோ? நிச்சயமோ?" எண்ட மாதிரி இருந்திருக்கும். டொக்டர் பேனையைக் கீழ வைச்சிட்டு என்னைப் பாத்து, மெல்ல மெல்ல, எனக்கு விளங்கிற சொல்லுகளாப் பாத்துச் சொன்னா. மனிசி குறுக்க வரேல்ல. மயக்க மருந்துக்கு எண்டு தனி டொக்டர் இருக்கிறா, முதலே ரத்தம் எடுத்து நெஞ்சைச் சோதிச்சுத்தான் குடுப்பினம், முழு நேரமும் தலைமாட்டிலயே இருப்பா. ஆபத்து சின்னன், ஆனால் இல்லையெண்டு தான் பொய் சொல்ல மாட்டன் எண்டா. அந்தக் கடைசி வார்த்தையாலதான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஒரு ஆபத்துமில்லை எண்டு சொல்லியிருந்தால் மனிசியைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திருப்பன்.

மனிசி திரும்பவும் ஒருக்கா எல்லாத்தையும் கேட்டா. சுருக்கம் தெரியுமோ? தெரியலாம், தோல் மெல்லிசு, தசைக்குக் கீழ வைச்சால் குறையும். பிறகு மாத்த வேண்டி வருமோ? வரும், எப்பவெண்டு தெரியாது. மனிசி பேனையை எடுத்தா. உப்புத்தண்ணிதான் எண்டா. கையெழுத்தை வைச்சா. காசு அவவின்ர சம்பளத்தில சேர்த்தது, அதில எனக்குக் கதையில்லை.

ஒப்பரேசன் நாள் நான் அந்த ஆசுப்பத்திரி விறாந்தையில நடந்த நடையில மற்றச் சப்பாத்தும் தேய்ஞ்சிருக்கும். கும்பிட்ட தெய்வங்களில ஒண்டையும் விடேல்ல, சண்டை வந்திடும் எண்ட பயத்தில. நேர்ஸ் வந்து, அவ முழிச்சிட்டா, முதல் கேட்டது நீங்கள் சாப்பிட்டீங்களோ எண்டுதான் எண்டு சொன்னா. நான் அப்பிடியே சுவரில சாய்ஞ்சு இருந்திட்டன். நேர்ஸ் எனக்குத் தண்ணி கொண்டு வந்து தந்தா. ஒப்பரேசன் எனக்கு எண்டு நினைச்சுக்கொண்டு போன ஆக்களும் இருந்திருப்பினம்.

சில கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது, கையை மேல உயர்த்தக் கூடாது, ராவும் பகலும் இறுக்கமான உள்சட்டை. கிழவிகளைத் தூக்கித் திருப்புற வேலைக்கும் லீவு. இவ்வளவு காலமும் சும்மா இருந்து பழகாத மனிசி கதிரையில இருந்துகொண்டு எனக்குக் கட்டளை போடத் தொடங்கினா. மேல் தட்டில இருக்கிற தூள் போத்தலை எடு, அதில்லை, மற்றது. உடுப்பைத் தோய், வெள்ளையோட கலரைப் போடாதை. இத்தனை வருசத்துக்குப் பிறகு 'வாங்கோ போங்கோ' எல்லாம் காத்தில பறந்திட்டுது. மருந்தின்ர வேலை எண்டு நான் மன்னிச்சன்.

கட்டெல்லாம் கழட்டிக் கடைசியாப் பாக்கிற நாளும் வந்தது. டொக்டர் தையல் இடத்தைப் பாத்து, நல்லா ஆறியிருக்கு எண்டிட்டு, சுவரில இருந்த பெரிய கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டினா. நான் கதிரையில இருந்து எழும்பினன். மனிசியோட சேர்ந்து பாக்கப்போறன், ஏதாவது ஒரு நல்ல சொல்லுச் சொல்லவேணும் எண்டு வீட்டிலயே ஒண்டைத் தயார்படுத்தி வைச்சிருந்தன்.

"நீங்கள் கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்கோ" எண்டா மனிசி.

வெளிய வந்து கதவுக்குப் பக்கத்தில நிண்டன். முதல் ஒரு சத்தமுமில்லை. காதைக் கதவோட வைச்சன். பிறகு டொக்டர் ஏதோ மெல்லச் சொன்னது கேட்டது. அதுக்கு என்ர மனிசி வாய்விட்டுச் சிரிச்சா. அந்தக் கணக்கு ரீச்சர் மாதிரி டொக்டரும் சேர்ந்து சிரிச்சது கேட்டுது. நான் என்ன பகிடி விட்டும் ஒருக்காலும் சிரிக்காத டொக்டர்.

என்ன கதைச்சுச் சிரிச்சினமெண்டு நான் கேக்கேல்ல. இண்டைவரைக்கும் அவ சொல்லவும் இல்லை.